அரை ஏக்கரை விற்று கம்ப்யூட்டர் சயின்ஸா?

ராசிபுரம் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 168. அவள் சிவில் கேட்கிறாள். தாய்மாமாவோ "பொட்டப் பிள்ளை வெயில்ல நின்னு செங்கல் எண்ணவா?" என்கிறார். ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு, ரசீது இல்லாமல், நாலு லட்சம் கேட்கிறார்களாம். அரை ஏக்கரை விற்றுவிடலாமா என்பது கேள்வி.

விற்காதீர்கள், அம்மா. ரசீதில்லாத அந்தப் பணத்தைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். பிள்ளை ஒட்டாமல் பாதியில் திரும்பி வந்தால் அதை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மாமா தரப்போவதில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். கவுன்சலிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். அப்புறம் நிலம் எதற்கு?

சிவிலில் முதல் சம்பளம் ஐடியைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. டிஎன்பிஎஸ்சி, கேட் தேர்வுகளையெல்லாம் ஊரே சொல்லும், அவற்றை விடுகிறேன். யாரும் சொல்லாதது மாணவர் குழுக்களுக்கான வடிவமைப்புப் போட்டிகள். 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் மத்திய அமைச்சகங்களும் மாநில அரசுகளும் தங்கள் நிஜப் பிரச்சினைகளைத் தருகின்றன. குழுவுக்கு ஆறு பேர், எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரு பெண்ணாவது கட்டாயம். முதலில் கல்லூரிக்குள் நடக்கும் தேர்வில் ஜெயிக்க வேண்டும். 2020-இல் வந்த சோலார் டெகத்லான் இந்தியாவில் ஆற்றலிலும் தண்ணீரிலும் தன் தேவையைத் தானே ஈடுகட்டும் கட்டடத்தை வடிவமைக்க வேண்டும்.

இதில் என்ன வேலை என்று மகள் தெரிந்துகொள்ளட்டும். மழை பெய்தால் குளமாகும் பார்க்கிங்கை எடுத்துக்கொள்வோம். விடை, தண்ணீரைக் கீழே விடும் பெர்வியஸ் கான்கிரீட். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 15 செ.மீ. கனத்தில் ஒரு மாதிரிப் பலகை போட 50 கிலோ சிமென்ட், அதாவது ஒரே மூட்டை. அரை இன்ச் ஜல்லி சுமார் 225 கிலோ, தண்ணீர் 16 லிட்டர். மணல் கிடையாது. ஜல்லியைக் கழுவாவிட்டால் தூசி ஒட்டி பிடிப்பு போய்விடும்.

சூட்சுமமெல்லாம் தண்ணீரில்தான். கலவையை ஒரு பிடி அள்ளி உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை உதிர்ந்தால் தண்ணீர் பற்றாது; சிமென்ட் பால் கையில் வழிந்தால் அதிகம், அது அடியில் போய்ப் படிந்து துளைகளை அடைத்துவிடும். உருண்டை நின்று, மேலே ஈர மினுமினுப்பு இருந்தால் சரி. வைப்ரேட்டர் போட்டாலும் பால் அடியில் இறங்கித் துளைகள் அடைந்துவிடும். உருளை மட்டும் உருட்ட வேண்டும். இருபது நிமிடத்துக்குள் பாலிதீன் ஷீட்டால் மூடி ஏழு நாள் விட வேண்டும். பலம் பார்க்க அதே கலவையில் கூடவே போட்ட க்யூப்களை (கனசதுரக் கட்டிகளை) 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது கணக்கில். பலகைக்கு அடியில் 20 செ.மீ. சுத்தமான ஒன்றரை இன்ச் ஜல்லி இருந்தால், அதில் 40 சதவீதம் வெற்றிடம். சதுர மீட்டருக்கு 80 லிட்டர், அதாவது 80 மி.மீ. மழை கொள்ளும். பக்கத்துக் கூரையிலிருந்தும் அதே பரப்புக்குத் தண்ணீர் இறங்கினால் கொள்ளளவு 40 மி.மீ. ஆகிவிடும். அடியில் களிமண் என்றால் தண்ணீர் இறங்காது. ஓர் அடிக் குழி வெட்டி நிரப்பி, மணிக்கு எவ்வளவு வடிகிறது என்று முன்னாடியே பார்த்து, மிச்சத்துக்குக் குழாய் வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு நடுவர் கேட்பார்: "மண் அடைத்தால் யார் கூட்டுவது?" பதில் இல்லாத குழு அங்கேயே காலி.

ஆறு பேரும் சிவிலாக இருந்தாலும் தேறாது. அளவெடுக்கும் சென்சாருக்கு ஒரு ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிள்ளை வேண்டும். எஸ்டிமேட் போட ஒருவர், கூச்சமில்லாமல் பேச ஒருவர். இந்த வேலையைச் செய்து முடித்த பெண்ணிடம் மழைநீர் வடிகால், பசுமைக் கட்டட ஆலோசனை, ரெடிமிக்ஸ் ஆய்வகம் என்று எந்த இன்டர்வியூவிலும் காட்ட எண்கள் இருக்கும். 28-ஆம் நாள் க்யூப் உடைக்க அவளுக்கே போகத் தோன்றவில்லை என்றால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். அதை முடிவு செய்வது அவள்தான், மாமா அல்ல.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போங்கள். ஏசி வகுப்பறையைக் காட்டுவார்கள். நீங்கள் கான்கிரீட் லேபைக் கேளுங்கள். க்யூப் உடைக்கும் மிஷின் ஓடுகிறதா, போன வருஷம் எத்தனை குழுக்கள் போட்டிக்குப் போயின, சிமென்ட் செலவு யாருடையது என்று விசாரியுங்கள். முக்கியமாக, லேப் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், பெண்கள் விடுதியில் எத்தனை மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். இரண்டும் ஆறு மணி என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.