5 வருஷமா விட்ட நிலம், மழைத்தண்ணி இன்னும் நிக்கல

நிலத்தை சும்மா விட்டு 5 வருஷம் ஆச்சு, புதர் மண்டிடுச்சு, ஆனா மழைத்தண்ணி இன்னும் ஓடிப்போகுது, டிராக்டர் விட்டு உழுதுடவான்னு கேட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு உழாதீங்க. வேர் செத்து மக்குன எடத்துல உண்டாகுற ஓட்டை, மண்புழு, கரையான் போட்ட துளை, இது வழியாத்தான் தண்ணி கீழ எறங்கும், உழுதா அத்தனையும் அறுந்துடும். மாடு மிதிச்சு இறுகின மண்ணு முழுசா எளக 10, 20 வருஷம்கூட ஆகலாம், மொதல்ல மேல கொஞ்சம்தான் பொலபொலன்னு ஆகும். மேய்ச்சல நிறுத்துங்க, சருகை கூட்டாதீங்க, எரிக்கவே எரிக்காதீங்க. ரெண்டு பக்கமும் தெறந்த டப்பாவ மண்ணுல அழுத்தி தண்ணி ஊத்தி, எறங்க எவ்ளோ நேரமாகுதுன்னு புதருக்குள்ளயும் வெளியயும் வருஷாவருஷம் குறிச்சு வைங்க. இன்னொன்னு, வேகமா வளர்ற எளம்மரம் தண்ணிய நெறைய உறிஞ்சும், அதனால கிணத்து மட்டம் உடனே ஏறலைன்னா பயந்து வெட்டிடாதீங்க.