46 வயதில் வீட்டிலிருந்தே கைவினைப் பொருள் செய்து விற்கத் தொடங்கலாமா?

கேட்டவர் மதுரைக்காரர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கைவேலை கொஞ்சம் வரும், வீட்டில் இருந்தபடியே செய்து விற்க ஆசை, இந்த வயதில் சரிப்படுமா, எவ்வளவு முதல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் 2019-ல் 47 வயதில் தொடங்கியவள். மேலமடையில் மாடி வீடு. பிளாஸ்டிக் வயர் கூடை பின்னி விற்கிறேன். முதல் போட்டது 1,800 ரூபாய். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ரோல் 45 ரூபாய் வீதம் 40 ரோல் வயர். கத்தரிக்கோல் வீட்டில் இருந்தது. முதல் பற்றிய கேள்விக்கு இதுதான் முழுப் பதில். மற்றதற்குத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

2019 ஜனவரி 1-ம் தேதி ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். அந்த வாரம் அண்ணா நகர் உழவர் சந்தைக்கு என்ன எடுத்துப் போவது என்று தெரியாமல், பரணில் கிடந்த அயித்தையின் (அத்தையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பச்சை வெள்ளைக் கூடையைக் கழுவி எடுத்துப் போனேன். (1999-ல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை அதுதான், எங்கள் ஏரியாக்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை.) அயித்தை அதைப் பின்னி இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஒரு முடிச்சு தளரவில்லை. தக்காளி வாங்கி முடிப்பதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, இந்தக் கூடை எங்கிட்டு வாங்குனீங்க?"

எனக்குப் பின்னத் தெரியும். எங்கள் காலத்தில் முழுப்பரீட்சை லீவு விட்டால் பெண் பிள்ளைகளைச் சும்மா உட்கார விடமாட்டார்கள். மிச்ச வயரில் கிளி செய்து சாவிக்கொத்தில் மாட்டுவோம், ஆறாவது ஏழாவது வந்ததும் கூடைக்கு அடி போடக் கற்றுக்கொடுப்பார்கள். முப்பது வருடம் கழித்துத் தொட்டாலும் விரல் மறக்கவில்லை. மூளைக்குத்தான் வயர் வெட்டும் அளவு மறந்திருந்தது. அயித்தையின் கூடையை மடியில் வைத்து முடிச்சை எண்ணி எண்ணித்தான் முதல் கூடையைப் போட்டேன்.

முதல் கூடையை எதிர்வீட்டு மதினி வாங்கினார். மூன்று ரோல் கூடை, சிவன் கண் முடிச்சு (கண் கண்ணாகத் தெரிகிற பின்னல்). "வயர்தானே, 200 ரூபாய்க்குத் தரமாட்டியா?" என்றார். தந்தேன். சம்பாதித்துவிட்ட சந்தோஷத்தில் அன்று வீட்டில் கேசரி வேறு.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் அடுத்த கூடைக்கு நேரத்தை எழுதச் சொன்னாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இன்னும் அந்தத் தாள்களை வைத்திருக்கிறேன். '2.10 முதல் 2.50. கேஸ்காரர் வந்தார். 3.05 முதல் 3.30. அத்தைக்குக் காபி. இரவு 9.40 முதல் 10.30.' இப்படி ஒரு வாரம். கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம். வயருக்கு 135 போக 65 ரூபாய் மிச்சம். மணிக்கு ஏழு ரூபாய் சொச்சம். தெருமுனையில் மல்லிகை கட்டிக் கொடுக்கும் அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "என்னத்தா இது" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் எந்தக் கைவேலை செய்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பெயர் வைப்பது, லோகோ போடுவது, விசிட்டிங் கார்டு எல்லாம் அப்புறம். ஒரு பொருளை ஆரம்பம் முதல் முடிவு வரை செய்து மணிக்கணக்கை எழுதுங்கள். நம் வயதுப் பெண்களுக்கு நம் நேரத்துக்குக் காசு கேட்டுப் பழக்கமே கிடையாது. "சும்மாதானே இருக்கேன்" என்று நாமே சொல்லிக்கொள்வோம். மகள் மணிக்கு 40 ரூபாய் என்று ஒரு கணக்கு வைத்தாள். வயர் விலையும் ஏறி ரோல் 50 ஆனபோது அதே மூன்று ரோல் சிவன் கண் கூடைக்கு வயர் 150, கூலி 360, போக்குவரத்துக்கும் கவருக்கும் 40, ஆக 550. அந்த விலையைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஒரு மாதம் யாரும் வாங்கவும் இல்லை. மதினி அந்தக் கூடையைத் தூக்கிப் பார்த்து, "வெலையைக் கேட்டாக் கைய விட்டுறணும் போல" என்று கீழே வைத்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தெரிந்தவர்களுக்கு எந்தக் காலத்திலும் நாம் விற்கும் பொருள் பொருளாகத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் செய்தது என்றுதான் தெரியும். அவர்களிடம் அபிப்பிராயம் கேளுங்கள், விலை கேட்காதீர்கள்.

அப்புறம் எப்படி ஓடியது என்றால், சின்னக் கூடையால் ஓடியது. கே.கே. நகரில் ஒரு வளைகாப்புக்கு வெற்றிலைபாக்கு, வளையல், ஒரு தேங்காய் வைத்துக் கொடுக்கிற அளவில் 30 கூடை கேட்டார்கள். சாதா முடிச்சு, அரை ரோல் வயர். முதல் கூடைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இருபதாவது கூடை வரும்போது ஐம்பது நிமிடம். ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் வயரை வெட்டி வைத்துக்கொள்ளலாம், கை தானாகப் போகும். சாதா முடிச்சில் ரன்னிங் வயர் (முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிற நீள வயர்) சுற்றிக்கொண்டே போகும், சீரியல் பார்த்தபடியே போடலாம். சிவன் கண் அப்படி விடாது. ஒரு கண் திரும்பி விழுந்தால் மூன்று நாலு வரிசை போன பிறகுதான் தெரியும். பிரித்தால் அந்த இடத்தில் வயர் மடங்கி வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அது போகவே போகாது. 90 ரூபாய்க்குத் தந்த சின்னக் கூடையில் வயர் 25 போக 65 நின்றது. 550 ரூபாய்க் கூடையைவிட மணிக்கு அதிகம். பெரிய சிவன் கண் கூடையை இப்போதும் போடுகிறேன், வாசலில் மாட்டி வைக்க. அதைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் சின்னதை வாங்கிப் போகிறார்கள்.

பட்ட அடிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், விற்ற பிறகு காசு என்று 12 கூடை வாங்கி வைத்தார். நாலு மாதம் கழித்துப் போனால் ஐந்து விற்றிருந்தது. மீதி ஏழும் கடை வாசலில் தொங்கி, மதுரை வெயிலில் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் ரோஸுமாக இருந்தன. அன்றோடு அந்த வியாபாரத்தை விட்டேன். இன்னொன்று, ஒரு புதுமனை புகுவிழாவுக்கு 60 கூடை, அரக்கு நிறமும் சந்தன நிறமும். அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்பட்டேன். பாதி வேலையில் விழா தள்ளிப்போனது, பிறகு போனையே எடுக்கவில்லை. அந்த 32 கூடையை விற்க ஒரு வருடம் ஆனது. இப்போது பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் வயரே வாங்குவேன். வாங்கும்போது மொத்த ஆர்டருக்கும் ஒரே நாளில் ஒரே கடையில், இரண்டு ரோல் கூடுதலாகவே வாங்கிவிடுவேன். அரக்கு என்று கேட்டால் அடுத்த வாரமும் அரக்குதான் தருவார்கள். ஆனால் லாட், அதாவது வயர் தயாரித்த தொகுதி, மாறியிருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது. 60 கூடையை வரிசையாக அடுக்கினால் பத்து மட்டும் பல்லைக் காட்டும்.

வெளியூர் விற்பனையைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்பார்கள். கூடைக்கு அதில் ஒரு சிக்கல். எடை 700 கிராம்கூட வராது, ஆனால் கூரியரில் அளவைப் பிடிப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து அதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 30-க்கு 20-க்கு 30 பெட்டி என்றால் 3.6 கிலோ. காற்றுக்குக் காசு கட்டிய மாதிரி. அதனால் வெளியூருக்கு மூன்று கூடைக்குக் குறைந்து அனுப்புவதில்லை: பெரிசு, நடுவாந்தரம், சிறிசு, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஒரே பெட்டி. 'செட்டு' என்று விற்கிறேன் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கூரியர்தான் என்னை அப்படி விற்க வைத்தது. நீங்கள் மண் நகை, எம்பிராய்டரி மாதிரி சின்னப் பொருள் செய்பவர் என்றால் இந்தத் தலைவலி கிடையாது. விளாச்சேரி கொலு பொம்மை மாதிரி உடைகிற பொருள் என்றால் என்னைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பதிவு, லைசென்ஸ் என்று பயப்பட வேண்டாம். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு, வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு, அதை மட்டும் ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உத்யம் பதிவு (சிறுதொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகவே செய்யலாம். இது தெரியாமல் ஒரு பிரௌசிங் சென்டரில் 1,500 ரூபாய் கொடுத்தவள் நான். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் நம் வயதுக்காரர்களுக்குத் தோதானது: 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 வரை மானியம். 25 தொழில்கள் பட்டியலில் கூடை முடைவதும் உண்டு. நான் வாங்கவில்லை. மாதத் தவணை என்று ஒன்று வந்தால் ஆடியில் தூக்கம் போய்விடும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஆடி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தொழிலுக்கு ஆங்கில மாதம் உதவாது. ஆவணி, ஐப்பசி, தை, வைகாசி என்று முகூர்த்த மாதங்களில் போன் ஓயாது. நவராத்திரிக்குத் தாம்பூலம் கொடுக்கக் கேட்பார்கள். ஆடியும் மார்கழியும் ஈ ஓட்ட வேண்டும். முதல் ஆடியில் தொழிலே படுத்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். 2020-ல் ஊரடங்கு வந்தபோது அழக்கூடத் தோன்றவில்லை, எல்லோருக்கும் அதே கதிதான். அழகர் ஆற்றில் இறங்காத சித்திரை அது; கூடை போகவில்லை என்று யாரிடம் சொல்வது? வீட்டில் கிடந்த வயரை வைத்து விதவிதமாகப் போட்டு மகள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தாள். இன்றைக்கு வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த ஸ்டேட்டஸ் வழியாக வந்தவர்கள்.

"பிளாஸ்டிக்கை ஒழிக்க பிளாஸ்டிக் கூடையா?" என்று ஒரு தம்பி வாசலில் நின்று கேட்டான். நியாயமான கேள்வி. அயித்தையின் கூடையைக் காட்டி, "உன் வயசு இருக்கும்" என்றேன். ஒப்புக்கொண்டானா தெரியவில்லை, அம்மாவுக்கு ஒன்று வாங்கிப் போனான்.

வயதைப் பற்றி. உடம்பு சொல்லத்தான் செய்யும். எனக்கு வெள்ளெழுத்து. இரவு டியூப்லைட்டில் கறுப்பு, கருநீல வயரைத் தொடமாட்டேன், முடிச்சு எது நிழல் எது என்று தெரியாது. அதெல்லாம் காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வயர் அறுக்கும், அங்கே பிளாஸ்திரி சுற்றிக்கொள்வேன். மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்து விழித்துக்கொள்வேன். விசிறியைப் போட்டுவிட்டு வெளிர் நிறக் கூடையாக எடுத்து உட்காருவேன். அந்த வருடம்தான் அதிகம் பின்னியிருக்கிறேன்.

வருமானம் கேட்பீர்கள். முகூர்த்த மாதத்தில் செலவு போக 9,000, 10,000 நிற்கும். ஆடியில் 1,500 வந்தால் அதிகம். வேலை நெருக்கினால் எங்கள் தெருவில் இரண்டு பேருக்குக் கூடைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவேன். கைப்பிடி மட்டும் நான்தான் போடுவேன். கூடையைத் தூக்குகிறவர் பிடிப்பது அதைத்தான், அறுந்தால் பேர் என்னுடையது.

இதை எழுதும்போது ஆடி பாதி முடிந்திருக்கிறது. போன் அடிக்கவில்லை. பரணில் 40 தாம்பூலக் கூடை, கைப்பிடி இல்லாமல், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். பாதி சந்தனம், பாதி பச்சை. ஆவணியில் யாருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று தெரியாது, கைப்பிடி வயரை அப்போது வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் என்ன கைவேலை என்று எழுதவில்லையே. அதையும், ஒன்று செய்ய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் கீழே போடுங்கள். விலைக்கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.