விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா?

கேள்வி: கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் நிராகரிக்கப்பட்டது என்று போன வாரம் குறுஞ்செய்தி வந்தது. எங்களிடம் இப்போது வண்டியே கிடையாது. கணவர் வைத்திருந்த பழைய ஆம்னி வேனை 2019-லேயே ஒரு புரோக்கர் மூலம் விற்றுவிட்டோம். 2,000 ரூபாய் கொடுத்தால் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துவிடுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவரால் எதையும் எடுக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

2023-இல் இந்தத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். அத்தனையையும் ஆள் வைத்து வீடு வீடாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அதனால் விண்ணப்பத்தில் உள்ள குடும்ப அட்டையையும் ஆதாரையும் அரசிடம் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா, நிலம் எவ்வளவு, யார் பெயரிலாவது கார் இருக்கிறதா என்பதெல்லாம் இப்படித்தான் தெரிகிறது. உங்கள் வாசலில் வேன் நிற்கிறதா என்று கம்ப்யூட்டர் எட்டிப் பார்ப்பதில்லை. ஆர்டிஓ ஆபீஸ் (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) பதிவேட்டில் உங்கள் கணவர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அந்தப் பெயர் மாறாத வரை, இன்று யாராவது எதையாவது அழித்தாலும் அடுத்த முறை ஒப்பிடும்போது அதே வேன் மறுபடி வந்து நிற்கும்.

ஆகவே முதல் வேலை, பழைய ஆர்.சி. புக்கின் நகலைத் தேடி வண்டி எண்ணை எடுங்கள். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் இப்போதைய உரிமையாளர் பெயர் பாதி மறைத்த எழுத்துகளில் வரும். அது கணவர் பெயர்தானா என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

பெரும்பாலும் அவர் பெயராகத்தான் இருக்கும். புரோக்கர் என்ன செய்திருப்பார் தெரியுமா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெற்றுத்தாளாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லியிருப்பார். அவரிடமிருந்து வண்டி மூன்று நான்கு கை மாறியிருக்கும். யாரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். ஊர் ஊராக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கேட்பார்தான் இல்லை. வண்டியை விற்றால் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயோடு இது நிற்காது. அந்த வேன் நாளை யார் மீதாவது மோதினால், இழப்பீட்டு வழக்கில் பதிவேட்டில் உள்ளவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 15 வருடம் முடிந்தால் பதிவு தானாகப் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். போகாது. பெயர் அப்படியேதான் இருக்கும்.

வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் உடனே பெயர் மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால், விற்றபோது எழுதிய டெலிவரி நோட்டின் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு) நகலோடு ஆர்டிஓ அலுவலகத்தில் கணவர் எழுத்து மூலம் தெரிவித்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்கட்டும்.

இதற்கிடையே மேல்முறையீட்டை விட்டுவிடாதீர்கள். குறுஞ்செய்தி வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் போய்விட்டது. டெலிவரி நோட், ஆர்டிஓ ஒப்புகை இரண்டையும் இணையுங்கள். இ-சேவை மையத்தில் கைபேசி எண் கேட்கும்போது உங்கள் எண்ணையே சொல்லி, அவர்கள் அதைத்தான் தட்டினார்களா என்று திரையைப் பாருங்கள். இடைத்தரகர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எல்லாத் தகவலும் அவர்களுக்கே போகும், ஒவ்வொன்றையும் உங்களிடம் விற்பார்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஒரு விலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுப் பல பேர் எழுதுகிறார்கள். அரசு மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனம் என்றால் தடையில்லை என்று 2025-இல் தளர்த்தினார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசுக் கழகமான தாட்கோ வழியாகவோ மாவட்டத் தொழில் மையம் வழியாகவோ கடனும் மானியமும் பெற்று ஒரு சின்ன சரக்கு வண்டி வாங்கி ஓட்டுகிற குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வாகனப் பதிவேட்டில் வங்கிக் கடன் இருப்பது மட்டும்தான் தெரியும். மானியம் வந்த கதை வேறொரு துறையின் கோப்பில் கிடக்கிறது. இரண்டையும் யாரும் கோத்துவைக்காவிட்டால், மானிய வண்டியும் சொந்தக் காரும் கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான். அதனால் மானிய ஆணை நகலை நீங்களே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மானியம் இல்லாமல் முழுக்கக் கடனில் வாங்கிய வண்டிக்கு இந்த விலக்கு கிடையாது. மானியத்தில் வாங்கி இன்னொருவருக்குக் கைமாற்றி விட்டிருந்தாலும் இதைச் சொல்லிக் கேட்க முடியாது. உங்கள் ஆம்னிக்கு மானியம் வாங்கவில்லை என்றால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பரிவாகனில் வேறு யாரோ பெயர் வந்தால்? அப்போது பிழை உங்கள் பக்கம் இல்லை. தரவு ஒப்பிடும் பணியில் நானே பல வருடம் இருந்தவன். ஒருமுறை ஒரு பட்டியலில் முருகேசன் என்று இரண்டு பேர். இருவருக்கும் தந்தை பெயர் சுப்பிரமணி, இருவருக்கும் ஒரே அஞ்சல் குறியீடு. ஒருவர் லாரி வைத்திருந்தார், மற்றவர் ஆடு மேய்ப்பவர். பழைய வாகனப் பதிவுகளில் ஆதார் எண் கிடையாது என்பதால் பெயரையும் முகவரியையும் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். ஆடு மேய்ப்பவருக்குச் சலுகை நின்றுபோய், ஆறு மாதம் அலைந்தார். தெலங்கானாவில் இப்படிக் கணினியை நம்பி ரத்து செய்த சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. ஒப்பிடுவது தவறில்லை. மறுப்பதற்கு முன் "இந்த எண் வண்டி உங்களுடையதா?" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப எவ்வளவு செலவாகும்? அதைக்கூடச் செய்யாமல், வண்டி எண்ணையும் சொல்லாமல், உங்களை அலைய விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த எண்ணை நீங்கள் கேட்டு வாங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எந்தப் பதிவு எண் வாகனத்தை வைத்து என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவரை மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போட்டுவிட்டு, ஒப்புகைச் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.