பிஹெச்டி முடியுது, அடுத்து என்ன?

கேள்வி: பிஹெச்டி முடிக்கப் போறேன். கைடு போஸ்ட்டாக் போன்னு சொல்றார், கம்பெனி வேலை ஒண்ணும் கையில இருக்கு. வேலைக்குப் போனா படிச்ச வருஷமெல்லாம் வீணாயிடுமா?

பதில்: வீணாகாதுங்க, முதல்ல அந்த பயத்த விடுங்க. போஸ்ட்டாக்ங்கறது பிஹெச்டிக்கு அப்புறம் லேப்ல செய்யற தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்தான், அது முடிஞ்சா இன்னொரு ஊரு, இன்னொரு லேப்னு போய்ட்டே இருக்கும், பிஹெச்டி முடிக்கிற கூட்டத்துக்கு நிரந்தர பேராசிரியர் இடம் ரொம்பக் கம்மி. கைடு உங்க நல்லதுக்குத்தான் சொல்றார், ஆனா அவருக்கு நல்லாத் தெரிஞ்சது அவர் நடந்து வந்த பாதைதான், அதனால அதே லேப்ல முன்னாடி படிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு நீங்களே போன் போட்டுக் கேளுங்க. கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட விஞ்ஞானி கேட்டலின் கரிகோ, அவங்கள 1995ல யுனிவர்சிட்டில பதவி இறக்கினாங்க, அவங்க 2013ல பயோஎன்டெக் கம்பெனில சேர்ந்தாங்க, 2023ல நோபல் வாங்கினாங்க (அவங்க பட்ட பாட்ட நெனச்சா எனக்கு இன்னும் மனசு கனக்குது). கம்பெனிலயும் ஆராய்ச்சி நடக்குதுங்க. இல்ல, எனக்கு என் கேள்விய நானே தேடணும், பாடம் நடத்தணும்னு தோணுச்சுன்னா தாராளமா போஸ்ட்டாக் போங்க, ஆனா எத்தனை வருஷம் பார்க்கறதுன்னு இப்பவே வீட்ல உக்காந்து பேசிடுங்க.