கடிதம்: தொரோங் கணவாயை இரண்டே நாளில் தாண்டலாமா?

அன்புள்ள ஐயா,

அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கப்போகிறேன். தினமும் 10 கிலோமீட்டர் ஓடுகிறவன். விடுமுறை குறைவு. கணவாய்க்கு முந்தைய மனாங் ஊரில் ஓய்வுநாள் எடுக்காமல் இரண்டே நாளில் தொரோங் கணவாயைத் தாண்டிவிடலாமா? மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் நண்பர்.

க., கோவை

அன்புள்ள க.,

வேண்டாம். ஓட்டம் காலுக்கு நல்லது, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோயைத் தடுக்காது. தெம்பாக இருப்பதால் வேகமாக ஏறிவிடுவதுதான் ஓடுகிறவர்களுக்கு ஆபத்து.

கவனிக்க வேண்டியது இரவில் படுக்கும் உயரத்தை. 3000 மீட்டருக்கு மேலே போனபின் அது நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மனாங் 3540 மீட்டர், கணவாயின் அடிவாரத் தங்குமிடமான தொரோங் பேடி ஏறத்தாழ 4500. ஒரே நாளில் போனால் இரு மடங்கு. ஆகவே மனாங்கில் இரண்டு இரவு, யாக் கார்க்காவில் (சுமார் 4050) ஒன்று, பேடியில் ஒன்று. ஓய்வுநாளில் அறையில் முடங்காமல் ஐஸ் லேக் பாதையில் முடிந்தவரை ஏறி, மாலைக்குள் மனாங்குக்கே இறங்கிவிடுங்கள்.

டயமாக்ஸ் சிறுநீரகம் வழியே பைகார்பனேட் என்ற உப்பை வெளியேற்றி மூச்சைத் தூண்டுகிறது. உடம்பு உயரத்துக்குப் பழகுவது சற்று விரைவாகும், அவ்வளவுதான். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்கள் மரமரக்கும். சல்பா ஒவ்வாமை உண்டென்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மாத்திரை போட்டும் தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்று மேலே ஏறக்கூடாது. குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியவில்லையா, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இரவானாலும் உடனே துணையோடு இறங்குங்கள். விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது.

கணவாய் 5416 மீட்டர். பேடியிலிருந்து அதிகாலை நாலு, நாலரைக்கே கிளம்புங்கள். வெயில் ஏறஏறக் காற்று வலுக்கும். உறிஞ்சுகுழாய்த் தண்ணீர்ப்பை அந்தக் குளிரில் உறைந்துவிடும், அகலவாய் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மறுபக்கம் முக்திநாத் வரை 1600 மீட்டர் இறக்கம். முழங்காலுக்கு அதுதான் சோதனை, ஊன்றுகோல் இரண்டும் கட்டாயம். நம் திவ்யதேசப் பட்டியலின் சாளக்கிராமம் என்று பலர் வணங்குவது அந்த முக்திநாத்தைத்தான். பெரும்பாலோர் ஜோம்சோம் பக்கமிருந்து ஜீப்பில் வருகிறார்கள்.

அக்டோபரை நம்பி நாளை இறுக்கிவிடாதீர்கள். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் அங்கே பனியாகக் கொட்டி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனி அறிவிப்பு இருந்தால் பேடியிலேயே தங்க ஒரு நாள் கையிருப்பு வேண்டும்.

நாளைக் குறைக்க வேண்டுமென்றால் கீழே குறையுங்கள். பாதை தொடங்கும் பெசிசகரிலிருந்து சாமே (2670 மீட்டர்) வரை ஜீப் போகிறது. முக்திநாத்திலிருந்து போக்கராவுக்கும் வண்டியிலேயே திரும்பலாம்.