சந்தைக் கோழி வந்த பிறகு கூட்டில் நோய்: கேள்வி பதில்

கேள்வி (பெருந்துறை): சந்தையில் 4 பெட்டை வாங்கி வந்து, அன்றைக்கே பழசோடு சேர்த்து விட்டேனுங்க. ஆறாம் நாள் புதுசில் ஒன்று சுருண்டது. இப்போது பழைய கோழி மூன்றும் படுத்துவிட்டன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. என்ன மருந்து கொடுக்கலாமுங்க?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளமும் நாள் கணக்கும் வெள்ளைக்கழிச்சலோடு பொருந்துகின்றன. ராணிக்கெட் என்பதும் இதுதான். இந்தக் கிருமி உடம்புக்குள் போன பிறகு நோய் தெரிய 2 முதல் 15 நாள் ஆகும். பெரும்பாலும் 5, 6 நாளில் தெரிந்துவிடும். வைரஸ் நோய் என்பதால் நேரடி மருந்து கிடையாது. கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக், பின்னால் வந்து சேரும் பாக்டீரியாவைத்தான் அடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: சோர்ந்ததை உடனே தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து வையுங்கள். நன்றாக இருப்பவற்றுக்குத் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாக நோய்க்கோழியிடம் போங்கள். பயந்துபோய் எல்லாவற்றுக்கும் நீங்களே ஊசி போட வேண்டாம். ஒரே ஊசி முனை நோயை அடுத்த கோழிக்குக் கொண்டுபோகும். நோய் நடமாடும் கூட்டில் தடுப்பூசி போடலாமா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் பல கோழிகள் சாவது, கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது என்று இருந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. எதையும் அறுக்காமல், தொடாமல் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): புதுச் சேவல் வந்த மூன்றாம் நாளே இரண்டு பெட்டைக்கு முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. அம்மை என்று நினைத்து வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுகிறேன். குறையவில்லை.

பதில்: கொண்டையிலும் கண் ஓரத்திலும் கொப்புளம் அல்லது கருத்த பொருக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் அம்மை இல்லை. அடுத்து மூக்கருகே முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றத்தோடு மூக்கு ஒழுகினால் கொரைசா என்ற பாக்டீரியா சளி. அது 1 முதல் 3 நாளிலேயே காட்டிவிடும். கண்ணில் சோப்பு நுரைபோலக் குமிழி, இரவில் கொறகொறவென்று மூச்சு, நாற்றம் மட்டும் இல்லை என்றால் மைக்கோபிளாஸ்மா சளி.

இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் உண்டு, மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். அந்த நாட்களிலும், பிறகு அவர் சொல்லும் காலம் வரைக்கும் முட்டையோ கறியோ சாப்பிடக்கூடாது. ஆனால் தேறிய கோழி கிருமியை உள்ளே வைத்துக்கொண்டே திரியும். அந்தச் சேவல் பார்க்கக் கம்பீரமாக இருந்ததும் இப்படித்தான். அதை அடுத்தவருக்கு விற்காதீர்கள்.

கேள்வி (ஆரணி): தனியாக வை என்கிறார்கள். இருப்பதே 3 சென்ட் இடம். எத்தனை நாள், எப்படி?

பதில்: 30 நாள். இடம் சின்னதென்றால் வீட்டின் மறுபக்கம், புதுக்கோழி மேல் பட்ட காற்று பழையதன் பக்கம் வீசாத மூலையாகப் பாருங்கள். தனித் தண்ணீர்த் தட்டு, தனித் துடைப்பம், தனிச் செருப்பு. இந்தச் செருப்பைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எச்சம் அதில் ஒட்டித்தான் கூட்டுக்குப் போகிறது.

முதல் இரண்டு நாள் தண்ணீரும் ஓய்வும் போதும். மூன்றாம் நாள் இறக்கையைத் தூக்கியும், ஆசனவாய் அருகே இறகை விலக்கியும் பேன், செல் (பேனைவிடச் சிறிய ஒட்டுண்ணி) பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளை உப்பு அப்பியதுபோல் இருந்தால் அது பேன் முட்டை. ஐந்தாம் நாள் குடற்புழு நீக்க அல்பென்டசோல், கிலோ எடைக்கு 20 மில்லிகிராம். இரண்டு வாரம் கழித்து மறுபடி. இரண்டாம் வாரம் எல்லாம் துடிப்பாக இருந்தால் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி.

பதினாறாம் நாள், பழைய கூட்டத்திலிருந்து ஒரு விடைக்கோழியைக் கொண்டுபோய்ப் புதுசுகளோடு விடுங்கள். பலரும் செய்யாத வேலை இது. புதுசுகள் வெளியே தெரியாமல் சுமக்கும் நோய், மீதி இரண்டு வாரத்தில் அந்த ஒன்றில் தெரிந்துவிடும். போனால் ஒரு கோழியோடு போகும்.

சேர்க்கும்போது நான்கைந்து நாள் வலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக விட்டு, பிறகு இருட்டியதும் ஒன்றாக அடையுங்கள். இரண்டு இடத்தில் தீவனம் வையுங்கள். கொத்து வாங்கி மிரண்ட கோழிக்கு அடங்கிக் கிடந்த சளி மறுபடி கிளம்பும்.

கேள்வி (மணப்பாறை): நீங்கள் சொன்னபடி ஒரு மாதம் வைத்துத்தான் சேர்த்தேன். ஒரே வாரத்தில் புதுசாக வந்த 6 வாரக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிகின்றன. பழசுக்கு ஒன்றுமில்லை!

பதில்: இங்கே நோய் கொடுத்தது பழைய கூட்டம். இரத்தக்கழிச்சல் கிருமி உங்கள் மண்ணிலேயே இருக்கிறது; பெரிய கோழிகள் சிறுகச் சிறுகத் தின்று பழகிவிட்டன. குஞ்சுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள், லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. அதே நாட்களில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. கிருமிக்கு பி1 சத்து போகாமல் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே. ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். எச்சத்தோடு விழும் கிருமியின் முட்டை ஈரத்தில் ஓரிரு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும்.

கேள்வி (ராசிபுரம்): தடுப்பூசி போட்ட கோழி என்று சொல்லித்தான் விற்றார்.

பதில்: எந்த ஊசி, எந்த வயதில் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் போடாத கோழி என்றே கணக்கு. வெள்ளைக்கழிச்சலுக்கு முறை இது: 5 முதல் 7 நாளில் எஃப் அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4 வாரத்தில் லசோட்டா மறுபடி. 8 வாரத்தில் ஆர்2பி என்ற ஊசி, இறக்கையின் தோலடியில் அரை மில்லி. ஆர்2பி வீரியமானது, சிறு குஞ்சுக்குப் போட்டால் அதுவே நோயாகும். மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும். லசோட்டாவைக் குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் குளோரின் இல்லாத கிணற்றுத் தண்ணீர், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர், 2 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டும்.

கேள்வி (தேனி): செத்ததை என்ன செய்ய? அடுத்து எப்போது வாங்கலாம்?

பதில்: காரணம் தெரிய வேண்டுமென்றால், அப்போதுதான் செத்த ஒன்றை இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றைக்கே கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் கொடுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உள்ளுறுப்பு பார்க்க உதவாது. மற்றவற்றை 3 அடி குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஓடையில் வீசினால் நாயும் காக்கையும் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோகும். கூட்டில் எச்சத்தைச் சுரண்டி, கழுவி, காய்ந்த பிறகே சுண்ணாம்பு அடியுங்கள். எச்சத்தின் மேல் அடித்த சுண்ணாம்பு வீண். கடைசிக் கோழி செத்து ஒரு மாதம் வெறுமனே வெயில் படட்டும். பிறகு வாங்குங்கள். பெரிய கோழியாக இல்லாமல் ஒருநாள் குஞ்சாக வாங்கினால், ஊசிக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.