வாளையின் ஈரலில் சுருண்டிருந்த புழு

கேள்வி: குளச்சலில் வாங்கிய வாளையை வெட்டியபோது, ஈரல்மேல் கொசுவத்திபோல் சுருண்ட வெள்ளைப் புழுக்களைக் கண்டேன். சென்ற மாதம் ஒரு களவாவின் சினைக்குள் இரத்தச் சிவப்பில் நூல்போல் ஒன்று கிடந்தது. இரண்டும் ஒரே புழுவா? பழைய மீனைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?
(ஒரு வாசகி, குளச்சல்)

பதில்: இரண்டும் உருளைப்புழுக்களே, ஆனால் ஒன்றல்ல. சினையில் இருந்தது பெரும்பாலும் பிலோமெட்ரா என்னும் பேரினத்தின் பெண் புழுவாக இருக்கும்; பார்க்க அருவருப்பாக இருந்தாலும், நாம் அஞ்ச வேண்டிய புழு அதுவல்ல.

ஈரலில் சுருண்டிருந்தவை அனிசாகிஸும் அதன் உறவுப் புழுக்களும் அடங்கிய கூட்டத்தின் இளம்புழுக்கள் எனலாம். அனிசாகிஸின் முதிர்ந்த புழு ஓங்கில் (டால்பின்), திமிங்கிலம் ஆகியவற்றின் இரைப்பையில் வாழ்கிறது. அதன் முட்டையிலிருந்து வரும் இளம்புழு கூனி போன்ற சிற்றுயிர்கள் வழியாக மீனை அடைகிறது. மீன் உயிரோடிருக்கும்போதே குடியேறியது என்பதால், விற்ற அம்மையைக் குறை சொல்ல வேண்டாம்.

வெறும் கண்ணால் பெயர் சொல்ல முடியாது. புழுவை அறுபடாமல் எடுத்துக் கழுவி, கிளிசரினில் ஊறவைத்தால் உடல் கண்ணாடிபோல் தெளியும். அப்போது நுண்ணோக்கியில் உணவுக்குழலும் குடலும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வென்ட்ரிகுலஸ் என்ற சுரப்புப் பகுதி உண்டு. அதிலிருந்தோ குடலிலிருந்தோ கிளை எதுவும் பிரியாவிட்டால் அது அனிசாகிஸ். குடலிலிருந்து முன்னோக்கி ஒரு முட்டுப்பை (முனை மூடிய பை) மட்டும் நீண்டிருந்தால் சூடோடெரனோவா வகை. முன்னோக்கி ஒன்று, வென்ட்ரிகுலஸிலிருந்து பின்னோக்கி ஒன்று என இரண்டும் இருந்தால் கான்ட்ராசீகம் அல்லது ஹிஸ்டெரோதைலேசியம். கழிவுத்துளை (மலத்துளை அல்ல) உதட்டருகே இருந்தால் முன்னது, சற்றுக் கீழே நரம்பு வளையத்தை ஒட்டி இருந்தால் பின்னது. பேரினம்வரை இவ்வாறு எட்டலாம். அனிசாகிஸுக்குள் எந்தச் சிற்றினம் என்பதை டி.என்.ஏ. சோதனைதான் உறுதிசெய்யும். அதற்காகப் புழுவை 70 விழுக்காடு ஆல்கஹாலில் வைக்க வேண்டுமே தவிர, ஃபார்மலினில் போட்டுவிடக் கூடாது.

மீனின் குடலை உடனே நீக்குங்கள். தாமதித்தால் சில புழுக்கள் தசைக்குள் நகரக்கூடும். கொதித்து வெந்த குழம்பில் புழு பிழைக்காது. மீனின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அது இறந்துவிடும். உப்பும் புளியும் மட்டும் அதைக் கொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். செத்த புழுவின் புரதம்கூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஆகவே மீன் உண்டபின் உடல் தடித்து அரித்தால், புழுவைப் பார்த்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.